பச்சிளங்குழந்தையும் வீட்டுச் சூழலும்: யாழ்ப்பாணப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிந்த கையோடு, தாய்மாரின் மனதில் கேள்விகள் வரிசையாக எழத் தொடங்குகின்றன. கிளினிக்கில் நேரம் போதாமையால் கேட்காமல் விட்டவையும், மாமியார் ஒன்று சொல்ல வைத்தியர் வேறொன்று சொன்னதால் குழம்பியவையும் அவற்றில் அடங்கும். வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் பிள்ளையின் உடலுக்குக் கேடு செய்யக்கூடியவை பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இதே வீட்டில், இதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, இதே அடுப்புப் புகையில்தான் நாங்களும் வளர்ந்தோம். இன்றைய பிள்ளைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்?

இக்கேள்வியைப் பெரும்பாலும் அம்மம்மாவோ அப்பம்மாவோதான் கேட்பார். அதில் நியாயமும் உண்டு. பிள்ளை வளர்ப்பில் அவர்களுக்கு இருக்கும் பட்டறிவை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அவர்கள் வளர்ந்த காலத்துக் கிணறும் இன்றைய கிணறும் ஒன்றல்ல. அன்று பத்துப் பரப்புக் காணியில் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்த இடத்தில், இன்று நான்கு வீடுகளும் நான்கு மலசலகூடக் குழிகளும் இருக்கின்றன.

மற்றொரு காரணம் பிள்ளையின் உடல் அளவு. 5 கிலோ நிறையுள்ள, போத்தல் பால் குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர் குடிக்கிறது. 60 கிலோ நிறையுள்ள பெரியவர் ஒருவர் அதே விகிதத்தில் குடிப்பதானால் நாளொன்றுக்கு 9 லீற்றர் குடிக்க வேண்டும். தண்ணீரில் கரைந்துள்ள எதுவாயினும், நமக்கு அற்பமான அளவு பிள்ளைக்குப் பல மடங்காகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. மூச்சுக்காற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். மேலும், ஈரலும் சிறுநீரகமும் முதிராத வயதில் நஞ்சை முறித்து வெளியேற்றும் ஆற்றல் குறைவு. தவழத் தொடங்கியதும் தரையிலுள்ள தூசு கைவழியே நேராக வாய்க்குப் போகிறது.

கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத்தான் பால்மா கரைக்கிறேன். அது போதாதா?

கிருமிக்குப் போதும், நைத்திரேற்றுக்குப் போதாது. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான கேள்வி என்று நான் கருதுவதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், நிலத்தடி நீரே நமது பரம்பரைச் சொத்து. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கி நிற்கிறது. மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிகட்டப்பட்டுக் கீழிறங்கும். சுண்ணாம்புக்கல்லிலோ மேலே ஊற்றியது வெடிப்பு வழியே விரைவாகக் கீழே சேர்ந்துவிடும். வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு விளையும் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போடப்படும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சுவதும், நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிகளிலிருந்து ஊறுவதும் நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றன. அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. பளிங்குபோல் தெளிந்த, இனிப்பான நல்ல தண்ணீர்க் கிணற்றிலும் அது மிகுந்திருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டில், குறிப்பாகத் தோட்டங்களைச் சூழ்ந்த கிணறுகள் பலவற்றில், இந்த எல்லை கடக்கப்பட்டிருப்பதை ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க இயலாத வடிவத்துக்கு மாற்றிவிடும். பெரியவர்களின் உடல் இம்மாற்றத்தை உடனுக்குடன் சரிசெய்துகொள்ளும். பச்சைக் குழந்தைக்கு அதற்கான நொதியம் போதிய அளவில் இல்லை. வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்கு ஆபத்து இன்னும் கூடும். உதடும் நகக்கண்ணும் நீலம் அல்லது சாம்பல் நிறம் கொள்வதும், பிள்ளை சோர்ந்து பால் குடிக்க மறுப்பதும் இதன் அறிகுறிகள். இதனாலேயே இதனை நீலக்குழந்தை நோய் என்கிறார்கள். அந்த நிறத்தைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கொதிக்க வைக்கும்போது நீர் ஆவியாகிறது, நைத்திரேற்று அப்படியே இருக்கிறது. எனவே நீண்ட நேரம் கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. குளோரின் இடுவதும், களிமண் வடிகட்டியில் ஊற்றி எடுப்பதும் கிருமிக்கான வழிகள். அவையும் இதற்கு உதவா.

அப்படியானால் பால்மாவுக்கு எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவது? எங்கள் கிணறு எப்படிப்பட்டது என்று எவ்வாறு அறிவது?

முதலில் கிணற்று நீரைச் சோதிப்பித்துக்கொள்ளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டால் அதற்கான வழியைச் சொல்வார்கள். பிள்ளை பிறந்த பின் ஓடித் திரிவதைவிடக் கர்ப்ப காலத்திலேயே இதைச் செய்வது நல்லது. உரம் போடும் காலத்தையும் மழையையும் பொறுத்து அளவு மாறுமாதலால், ஒருமுறை நல்ல பெறுபேறு வந்தது என்பதற்காக எக்காலத்துக்கும் அதையே நம்பியிருக்க முடியாது.

அளவு கூடுதலாக இருந்தால், குழந்தையின் பாலுக்கு மட்டுமாவது வேறு நீர் தேவை. சபையின் குழாய் நீர் வரும் வீடுகளில் அதைப் பயன்படுத்தலாம். பின்சவ்வூடு பரவல் முறையில், அதாவது ஊரில் ஆர்.ஓ. தண்ணீர் என்று சொல்லப்படும் முறையில், சுத்திகரித்த நீரிலும் நைத்திரேற்று பெருமளவு நீங்கிவிடும். ஆனால் கானில் வாங்கிவரும் நீரில் கிருமி சேர்ந்திருக்கலாம் என்பதால் அதனையும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். பால்மாத் தூளும் கிருமியற்ற பண்டமல்ல. கொதித்த நீர் 70 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறுவதற்கு முன், அதாவது இறக்கி அரை மணித்தியாலத்துக்குள், மாவைக் கரைத்து, பின்னர் போத்தலை ஆறவைத்துக் கொடுப்பதே முறை.

தண்ணீரில் எண்ணெய் மணமோ எண்ணெய்ப் படலமோ தெரிந்தால் அது வேறு விடயம். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தது பெரும் கவலையைத் தந்தமை பலருக்கும் நினைவிருக்கும். அத்தகைய நீரைக் கொதிக்க வைத்தும் குடிக்கக்கூடாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்.

தாய் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறாள். தாய்ப்பால் வழியே நைத்திரேற்று பிள்ளைக்குப் போகாதா?

கவலைப்படும் அளவுக்குப் போகாது. தாயின் உடல் இந்த இடத்தில் மிகச் சிறந்த வடிகட்டி. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலை மட்டும் கொடுக்கும் வீட்டில், கிணற்றைப் பற்றி மேலே சொன்ன பயத்தில் பெரும்பகுதி தானாகவே நீங்கிவிடுகிறது.

வைகாசி வெயிலில் தொண்டை காயாதா? கொஞ்சம் கொதித்தாறிய நீரோ, கொத்தமல்லித் தண்ணீரோ, தேனோ, கோரோசனையோ கொடுத்தால் என்ன?

தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீரே. கடும் வெயிலிலும் ஆறு மாதம் வரை அதுவே போதும். தாகம் எடுத்தால் பிள்ளை அடிக்கடி பால் கேட்கும், அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்தால் சிறு வயிறு நிரம்பிப் பால் குடிப்பது குறையும், கிணற்றின் குறைகளும் உள்ளே போகும்.

தேனை ஒரு வயது நிறையும் வரை நாக்கில் தடவவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்திகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். வீட்டில் கொதிக்க வைப்பதால் அந்த வித்திகள் சாவதில்லை. பனங்காட்டிலோ வன்னியிலோ எடுத்த சுத்தமான தேனுக்கும் இதே விதிதான், ஏனெனில் குற்றம் கலப்படத்தில் இல்லை.

கோரோசனையும் வசம்பும் நம் வீடுகளில் அன்போடு கொடுக்கப்பட்டு வந்தவை. எனினும் கடையில் வாங்கும் கோரோசனையில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டில் யாராலும் உறுதிப்படுத்த முடியாது. உரைத்துக் கொடுக்கும் கல்லும் கையும் நீரும் சுத்தமானவையா என்பது இன்னொரு கேள்வி. வசம்பை உள்ளுக்குக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வந்ததுண்டு. ஆறு மாதத்துக்குள் வைத்தியர் எழுதித் தந்த மருந்தும் தாய்ப்பாலும் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகவேண்டாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

குளிக்க வார்த்த பின் சாம்பிராணிப் புகை காட்டுவது தவறா?

பிள்ளையைப் புகைமேல் பிடிப்பதைத் தவிர்த்துவிடுங்கள். தணலில் இட்ட சாம்பிராணியின் புகையில் நுண்துகள்களும், எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டும் உள்ளன. குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் ஒடுங்கியது. சிறிது வீக்கம் ஏற்பட்டாலே இழுப்பும் சளியும் தொடங்கிவிடும். தலைமயிரின் ஈரத்தை உலர்த்த மென்மையான பருத்தித் துணியே போதும். வெள்ளிக்கிழமை சுவாமி அறையில் சாம்பிராணி காட்டுவது உங்கள் வழக்கமானால், அந்த நேரம் பிள்ளையை முற்றத்துக்கோ விறாந்தைக்கோ கொண்டுபோய், புகை அடங்கிய பின் உள்ளே கொண்டு வாருங்கள். பவுடரைக் கழுத்திலும் முகத்திலும் அப்புவதும் இதே காரணத்தால் வேண்டாதது. அந்தத் தூள் பிள்ளையின் நுரையீரலுக்குள் போகிறது.

குசினியில் விறகடுப்பு எரிகிறது. பிள்ளை வேறு அறையில் தானே இருக்கிறது?

எரிவாயு விலை ஏறிய நாள் முதல் பல வீடுகள் விறகுக்குத் திரும்பியிருப்பதால் இதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வீட்டுக்குள் எரிபொருள் புகை சூழ வளரும் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்பதை உலக சுகாதார நிறுவனம் சுட்டிக்காட்டியுள்ளது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பூதுவதே மிக மோசமான நிலை. வீட்டோடு ஒட்டாத கொட்டிலில் அடுப்பை வைப்பது, புகைபோக்கி அமைப்பது, ஈர விறகையும் பச்சை மட்டையையும் தவிர்த்து நன்கு காய்ந்த பனம் மட்டை, பொச்சு, விறகு ஆகியவற்றைப் பயன்படுத்துவது, சமைக்கும் நேரத்தில் பிள்ளையை வேறொருவரிடம் ஒப்படைப்பது ஆகியவை செலவு குறைந்த மாற்றங்கள்.

மாலையில் வளவு கூட்டிக் குப்பைக்கு நெருப்பு வைக்கும் பழக்கமும் இதனுடன் சேர்ந்ததே. சருகோடு பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் போத்தல்களும் எரியும்போது வரும் புகை, வெறும் சருகுப் புகையைவிட மிகக் கொடியது. சருகை வாழைக்குழிக்குள் போட்டு மூடினால் உரமாகும்.

சிகரெட், சுருட்டு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியே நின்று புகைத்துவிட்டு வந்தாலும் சேட்டிலும் விரலிலும் மீசையிலும் நிக்கொட்டின் ஒட்டியிருக்கும். புகைப்பவர் உள்ள வீட்டில் உறக்கத்தில் நிகழும் திடீர்க் குழந்தை மரணத்தின் வாய்ப்புக் கூடுகிறது. சுருட்டுப் பிடிக்கும் அப்பப்பாவிடம் இதைச் சொல்வது மருமகளுக்குக் கடினம். மகன்தான் சொல்ல வேண்டும்.

நுளம்புத்திரி இல்லாமல் டெங்குக் காலத்தை எப்படிக் கடப்பது?

வலையால் கடக்கலாம். ஒரு நுளம்புத்திரி எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் நிறை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஈடானது என 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணித்தது. பூட்டிய அறையில் பிள்ளையின் கட்டிலுக்குக் கீழே அதைக் கொளுத்தி வைப்பது என்ன பொருள் தரும் என்று நினைத்துப் பாருங்கள்.

டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஆகவே இரவில் மட்டுமன்றிப் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பூசும் நுளம்பு விரட்டிகள் எவையும் வேண்டாம். வடகீழ்ப் பருவ மழையோடு, கார்த்திகை முதல் தை வரை, டெங்கு நம்மிடையே கூடுகிறது. அதற்கு முன்பே சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் பெருகும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம்; உவர்நீரிலும் அது பெருகுவதை யாழ்ப்பாணத்தில் நடந்த ஆய்வுகளே காட்டியுள்ளன. பாவிக்காத கிணறு இருந்தால் வலையிட்டு மூடுங்கள், அல்லது புழுத் தின்னும் மீன் விடுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்தக் காரணமாயினும் அன்றே வைத்தியசாலைக்குக் காட்ட வேண்டும். டெங்குக் காலத்தில் அஸ்பிரினோ இபுபுறோபனோ எவருக்கும் கொடுக்கக்கூடாது.

கண் மை பூசலாமா?

கண்ணுக்குள் பூச வேண்டாம். கடையில் விற்கும் சில மைகளிலும் சுர்மாக்களிலும் ஈயம் இருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. வீட்டில் விளக்குக் கரியில் செய்த மையில் ஈயம் இல்லாவிட்டாலும், விரல்வழியே கண்ணுக்குக் கிருமி போகும். நாவூறு படாமல் இருக்கவேண்டுமென்றால் சவ்வரிசியைக் கருக்கிச் செய்த பொட்டை நெற்றியில் வைத்துவிடுங்கள்.

ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிப்பது. இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை. விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் குடல் பெரியவரைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சும். பழைய வீட்டின் யன்னலிலும் கதவிலும் உரியும் பெயின்ற்றில் அது இருக்கலாம். தைப்பொங்கலுக்கு வீடு திருத்தும்போது பழைய பெயின்ற்றைச் சுரண்டித் தேய்ப்பதானால், தூசு எழாமல் ஈரமாக்கித் தேய்த்து, வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும் வரை பிள்ளையும் தாயும் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை வெட்டும்போதும் துளைக்கும்போதும் கழற்றும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். உடையாமல் கிடக்கும் தகட்டால் பெரிய ஆபத்தில்லை. கரையோர வீடுகளில் வலைக்கான ஈயக்குண்டுகள் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது. ஈயத்தை உருக்கி வார்க்கும் வேலையை வீட்டு வளவுக்குள் செய்யவே கூடாது.

கணவர் தோட்டம் செய்பவர். மருந்தடித்துவிட்டு வருகிறார்.

வந்தவுடன் பிள்ளையைத் தூக்கக்கூடாது. கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடை மாற்றிய பின் தூக்கலாம். அந்த உடையைப் பிள்ளையின் துணியோடு சேர்த்துத் தோய்க்கக்கூடாது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும்போது யன்னலைச் சாத்தி, கொடியில் காயும் பிள்ளைத் துணிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். மருந்துப் போத்தலைக் கழுவி வேறு எதற்கும் பயன்படுத்துவது எவ்வளவு சிக்கனமாகத் தோன்றினாலும் செய்யாதீர்கள்.

ஏணையில் வளர்த்துவது பாதுகாப்பானதா?

விழித்திருக்கும் பெரியவர் ஒருவரின் கண் முன்னால், சிறிது நேரம் ஆட்டலாம். சேலை வளைந்து தொங்கும்போது பிள்ளையின் நாடி நெஞ்சோடு அமுங்கி மூச்சுவழி மடிய இடமுண்டு என்பதால், உறங்கியதும் எடுத்துத் தட்டையான, அழுத்தமான பாயிலோ மெத்தையிலோ மல்லாக்காகக் கிடத்திவிட வேண்டும். தலையணை, பஞ்சுப் பொம்மை, தடித்த போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் மதியத்தில் பிள்ளையைச் சுற்றிக் கட்டி வைப்பதும் ஆபத்து. உடல் சூடேறுவது திடீர் மரணத்துக்கு ஒரு காரணம்.

தவழத் தொடங்கிவிட்டது. முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

மண்ணெண்ணெயை. சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கம் பொருளாதாரத் தடைக்காலத்து ஜாம் போத்தல் விளக்கு நாட்களிலிருந்து நம்மிடம் தங்கிவிட்டது. ஒரு வாய் போனாலும் அது நுரையீரலுக்குள் இறங்கிக் கடும் அழற்சியை உண்டாக்கும். அடுத்து, துணிகளுக்கிடையே போடும் நப்தலீன் உருண்டையும் சுவாமித் தட்டிலுள்ள கற்பூரமும். கற்பூரத்தை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். நப்தலீன், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு நொதியக் குறைபாட்டின் காரணமாக இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பெட்டியில் உருண்டையோடு வைத்திருந்த பழைய துணியைக் கழுவாமல் பிறந்த குழந்தைக்கு உடுத்தினாலே மஞ்சள் காமாலை கடுமையாகலாம். விளையாட்டுப் பொருளிலும் ரிமோட்டிலும் உள்ள பொத்தான் பற்றரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் அதைப் பொசுக்கிவிடும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்வதானால், கட்டில்லாத கிணற்றை எல்லோரும் அஞ்சுகிறோம். கிணற்றடியில் பாதி நிறைந்த வாளியை அஞ்சுவதில்லை. தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு சில அங்குல நீரே போதும். அது சத்தமும் போடாது.

எதையாவது குடித்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயும் மலசலகூடம் கழுவும் திரவமும் மேலே வரும்போது இரண்டாம் முறை சேதம் செய்யும். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், இளநீர் எதுவும் கொடுக்க வேண்டாம். வாயில் மிஞ்சியிருப்பதை விரலால் எடுத்து, நனைந்த உடையைக் களைந்து, தோலைக் கழுவுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆட்டோ வாசலிலேயே நின்றால் அதில் ஏற்றிக்கொண்டு கிட்டிய ஆதார வைத்தியசாலைக்கோ யாழ். போதனா வைத்தியசாலைக்கோ புறப்படுங்கள். பிள்ளை குடித்த போத்தலையோ பக்கெட்டையோ லேபலோடு கையில் எடுத்துச் செல்லுங்கள், கிளினிக் கொப்பியையும் மறக்காதீர்கள். எத்தனை மணிக்கு, ஏறத்தாழ எவ்வளவு உள்ளே போனது என்பதையே வைத்தியர் முதலில் கேட்பார்.